புள்ளிப் பட்டியலை மூடிவைத்து ஒரு ஃபோர்மியூலா 1 சீசனை எடைபோடுவது எப்படி

திருகோணமலைத் தேத்தண்ணிக் கடையில் ஃபோர்மியூலா 1 கதை தொடங்கினால் இரண்டாவது நிமிடமே "கார்தானே மச்சான் வெண்டது, ஓடினவனா வெண்டான்?" என்பதில் வந்து நிற்கும். புள்ளிப் பட்டியலால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 2024ஐ எடுங்கள். 437 புள்ளிகளோடு வெர்ஸ்டாப்பன் சாம்பியன். ஆனால் அவருடைய ரெட் புல் அணி, இரண்டு ஓட்டுநரின் புள்ளியையும் சேர்த்து, 589 புள்ளிகளோடு அணிகளில் மூன்றாமிடம்; மெக்லாரன் 666, ஃபெராரி 652. அணியின் மற்ற ரெட் புல் காரை ஓட்டிய பெரெஸ் எடுத்தது 152. இந்த எண்களை வைத்து அந்தக் கார் பிரமாதம் என்றும் வாதாடலாம், குப்பை என்றும் வாதாடலாம். வாய் திறக்குமுன் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு 80 பக்கக் கொப்பியும் இரண்டு நிறப் பேனாவும் போதும். பந்தயத்துக்கு இரண்டு பக்கம் என்றால் 24 பந்தயத்துக்கு 48 பக்கம். மிச்சம் சீசன் கணக்குக்கு. ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ. தன் இணையத்தளத்தில் பி.டி.எஃப். கோப்பாகப் போடுகிறது. ஆகவே நேரலை பார்க்காதவரும் மறுநாள் இருந்து முழு வேலையையும் செய்யலாம். நமக்கு அது தேவைப்படும். ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் மாலை 6.30க்கு, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் 7.30க்கு, ஜப்பானின் சுசூக்கா காலை 10.30க்கு என்று வசதியாகத்தான் வருகின்றன. ஆனால் மயாமி, ஒஸ்டின், மெக்சிக்கோ போன்றவை ஞாயிறு நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். சீசனின் கடைசிப் பந்தயங்களோ நவம்பர், டிசம்பரில், நம்முடைய வாடைமழைக் காலத்தில். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. முடிவை ஃபோனில் பார்த்துவிட்டு, சுற்று நேரங்களைக் கரண்ட் வந்தபின் இறக்கினால் போதும்.

முதல் வேலை தகுதிச் சுற்று, அதாவது பந்தயத்தை யார் எந்த இடத்தில் நின்று தொடங்குவது என்று முடிவாகும் சனிக்கிழமை ஓட்டம். வித்தியாசத்தை விநாடியில் எழுதாதீர்கள், வீதத்தில் எழுதுங்கள். அணியின் சிறந்த நேரத்திலிருந்து முதலிடத்தின் நேரத்தைக் கழித்து, முதலிடத்தின் நேரத்தால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். ஒஸ்திரியாவில் ஒரு சுற்று ஏறக்குறைய 65 விநாடி, அங்கே 0.3 விநாடி பின்னால் நிற்பது 0.46%. 7 கிலோமீற்றர் நீளமான ஸ்பாவில் சுற்று 105 விநாடி என்று வைத்தால் அதே 0.3 விநாடி 0.29%தான். விநாடியில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

தகுதிச் சுற்று கியூ1, கியூ2, கியூ3 என்று மூன்று கட்டம்; மெதுவானவர்கள் முதல் இரண்டு கட்டத்தில் கழிக்கப்படுவார்கள். கியூ1இலேயே வெளியேறிய அணியின் நேரத்தைக் கியூ3 நேரத்தோடு ஒப்பிடுவதுதான் பலரும் விடும் பிழை. நேரம் போகப் போகத் தடத்தில் றப்பர் படிந்து வேகம் கூடும். கியூ1 நேரத்தைக் கியூ1இன் சிறந்த நேரத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். அப்போதும் பெரிய அணிகள் கியூ1இல் முழு வேகத்தைக் காட்டுவதில்லை. வரும் விடை உண்மையான இடைவெளியைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். மழையில் நடந்த தகுதிச் சுற்றுக்குக் கோடு போட்டுவிட்டுப் போங்கள்.

பந்தய வேகம்தான் மினக்கெட வேண்டிய இடம். முதற்சுற்று, டயர் மாற்றப் பிட்டுக்குள் நுழைந்த சுற்று, வெளியே வந்த சுற்று, விபத்துக்குப் பின் எல்லோரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் ஓடிய சுற்றுகள் எல்லாவற்றையும் வெட்டுங்கள். முன்னால் போகும் காருக்கு 2 விநாடிக்குள் ஓடிய சுற்றுகளை மற்ற நிறப் பேனாவால் வட்டமிடுங்கள்: குழம்பிய காற்றில் காரின் பிடி குறைந்து டயர் சூடேறும், அந்த நேரம் அந்தக் காரின் சொந்த வேகமல்ல. மிஞ்சியவற்றை டயர் மாற்றத்துக்கு ஏற்பப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் சராசரியை விட்டுவிட்டு நடு எண்ணை எடுங்கள். ஒரு சறுக்கல் போதும், சராசரி கெட்டுவிடும்.

இனி எரிபொருள். 2025 வரையிலான விதியில் ஒரு பந்தயத்துக்கு அதிகபட்சம் 110 கிலோ. 10 கிலோ குறைந்தால் சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 விநாடி இலாபம் என்பது கைக்கணக்கு. அந்த அளவில் 60 சுற்றுப் பந்தயத்தில் சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 கிலோ எரியும்; ஆகவே டயர் தேயாவிட்டால் ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட 0.05 விநாடி குறைய வேண்டும். நேரம் குறையாமல் அப்படியே நின்றால், அந்த 0.05ஐ டயர் தின்கிறது. ஒரே வகை (ஒரே நிறக் கோடு போட்ட) டயரில் இரண்டு அணிகளை இப்படிப் பார்த்தால், எது டயரைக் காப்பாற்றுகிறது, எது முதல் ஐந்து சுற்றுக்கு மட்டும் மின்னுகிறது என்பது வெளிச்சமாகும். சனிக்கிழமை முன்வரிசையில் நின்று ஞாயிற்றுக்கிழமை பின்னால் போகிற அணிகளின் கதை பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கும்.

அடுத்து, ஒரே அணியின் இருவரையும் ஒருவரோடொருவர் ஒப்பிடுங்கள். ஓட்டுநரை அளக்க இதைவிடச் சுத்தமான அளவுகோல் இல்லை. ஆனால் புதிய பாகம் ஒருவருக்கு மட்டும் பூட்டப்பட்ட வாரங்களைக் கழிக்க வேண்டும். 2024 மயாமியில் மெக்லாரனின் புதிய பாகங்கள் முழுமையாக நொரிஸின் காரில்தான் ஏறின. பியாஸ்திரிக்கு ஒரு பகுதிதான் கிடைத்தது. அந்த வாரத்தை வைத்து இருவரையும் எடைபோடுவது அநியாயம்.

அதே 2024, சீசனை எங்கே வெட்டுவது என்பதற்கும் பாடம். முதல் 10 பந்தயத்தில் வெர்ஸ்டாப்பன் ஏழை வென்றார். அதன்பின் 21ஆவது பந்தயமான பிரேசில் வரை ஒன்றுகூட இல்லை. முழு ஆண்டையும் ஒரே சராசரியில் போட்டால் ரெட் புல் 'பரவாயில்லாத கார்' என்று வரும். அப்படி ஒரு கார் அந்த ஆண்டில் எந்த வாரமும் ஓடவில்லை. முதலில் ஓடியது ஆளும் கார், பிறகு ஓடியது தடுமாறும் கார். பெரிய மாற்றங்கள் வந்த வாரங்களில் கோடு கிழித்துத் துண்டுக்குத் துண்டு தீர்ப்புச் சொல்லுங்கள். தேத்தண்ணிக் கடைக் கேள்விக்குப் பதிலும் இங்கேதான்: முதற்பாதியைக் கார் வென்று கொடுத்தது, மிச்சத்தை ஓட்டுநர் காப்பாற்றினார்.

ஓரத்தில் அதிர்ஷ்டத்துக்கு ஒரு நிரல் விடுங்கள். அந்த ஆண்டு ஈரமான பிரேசில் பந்தயத்தில் அல்பைன் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடித்து 33 புள்ளி எடுத்தது. ஆண்டு முழுவதும் அதற்குக் கிடைத்ததே 65. அதை வைத்து அல்பைன் ஆறாவது நல்ல கார் என்று சொல்ல மாட்டேன். 2005இல் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் இண்டியானாபொலிஸில் நாலாவதாக வந்தார். நமக்குப் பெருமைதான், ஆனால் மிஷ்லின் டயர்ச் சிக்கலால் அன்று போட்டியிட்டவை ஆறே கார்கள். ஜோர்டான் அணியின் அந்த ஆண்டுப் புள்ளி 12இல் 11 அந்த ஒரே நாளில் வந்தவை.

தடத்தில் வந்த இடத்தையும் அதிகாரபூர்வ இடத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். 2024 ஸ்பாவில் கொடியை முதலில் தாண்டிய மெர்சிடிஸ் ஓட்டுநர் ரஸலின் கார் எடை விதித்த அளவைவிட 1.5 கிலோ குறைந்திருந்ததால் அவர் நீக்கப்பட்டார். வெற்றி அதே அணியின் ஹமில்டனுக்குப் போனது. புள்ளி போனாலும் ஒரே டயர் மாற்றத்தோடு ரஸல் ஓடிய ஓட்டம் மெர்சிடிஸின் கணக்கில் நிற்க வேண்டும்.

விதிகள் மாறும் ஆண்டில் பழைய கொப்பி உதவாது. 2026இல் எஞ்சினும் காரின் உடலும் சேர்ந்தே மாறுகின்றன; 2025இன் வீதங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம். முதல் நான்கு பந்தயத்துக்கு எண்களை எழுதிக்கொண்டே போங்கள், தீர்ப்பை ஐந்தாவதிலிருந்து எழுதலாம்.