ஸ்மார்ட் ஸ்பீக்கர் வந்த பிறகு வைஃபை திணறுகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

புது ஸ்பீக்கரை மாட்டிய நாளிலிருந்து வைஃபை விட்டு விட்டு வந்தால் யாருக்கும் அதன் மேல்தான் சந்தேகம் வரும். சந்தேகம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது எந்த வழியில் கெடுக்கிறது என்று பார்க்காமலே புது ரவுட்டர் வாங்கப் போவது வீண் செலவு. ஸ்பீக்கர் டேட்டாவை உறிஞ்சிவிடுகிறது என்பதும் தவறான எண்ணம்தான், நல்ல தரத்தில் பாட்டு ஓடினாலும் நொடிக்குச் சுமார் 320 கிலோபிட் போதும், ஒரு வீடியோவுக்குத் தேவைப்படுவதைவிட அது ரொம்பக் குறைவு.

முதலில் சோதித்துப் பாருங்கள். கணினியிலிருந்து ரவுட்டரின் முகவரிக்கு (பல ரவுட்டர்களில் 192.168.1.1) பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் கட்டளை) கொடுத்து அதை ஓடவிடுங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பதில் சில மில்லிநொடிகளில் வரும். வைஃபை திணறும் நேரத்தில் அதே எண் 300, 800 என்று எகிறுகிறதா, இடையில் பதிலே வராமல் போகிறதா என்று கவனியுங்கள். அப்போது ஸ்பீக்கரின் பவர் வயரைப் பிடுங்குங்கள். மைக்கை மட்டும் அணைத்துவிட்டு சோதித்ததாக நினைப்பவர்கள் நிறைய, மைக் அணைந்தாலும் வைஃபை இணைப்பு அப்படியேதான் இருக்கும். வயரைப் பிடுங்கிய பிறகும் எண் இறங்கவில்லையென்றால் ஸ்பீக்கரை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள். ரவுட்டருக்கான பிங் நன்றாக இருந்து இணையம் மட்டும் மெதுவாக இருந்தால் கோளாறு வெளியிலிருந்து வரும் இணைப்பில் இருக்க வாய்ப்பு அதிகம், வைஃபையை நோண்டுவதால் பயனில்லை.

கண்ணெதிரே இருப்பதன் மேலேயே பழியைப் போடுவதும் பெரிய தவறு. 2018 ஜனவரியில் கூகுள் ஹோம் ஸ்பீக்கர், டிவியில் செருகும் குரோம்காஸ்ட் வைத்திருந்த பல வீடுகளில் வைஃபை அடிக்கடி செத்துப்போனது. எல்லோரும் ஸ்பீக்கரையும் ரவுட்டரையும் திட்டிக்கொண்டிருக்க, கோளாறு ஆண்ட்ராய்டு போன்களில் பாட்டு, வீடியோவை வேறு கருவிக்கு அனுப்ப உதவும் காஸ்ட் மென்பொருளில் இருந்தது. நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளைத் தேட அது வழக்கமாக 20 நொடிக்கு ஒருமுறை சிறு பாக்கெட்டுகளை (டேட்டா துணுக்குகளை) அனுப்பும். போன் தூக்கத்திலிருந்து விழித்ததும் அதுவரை அனுப்பாமல் விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் அனுப்பியது. சில சமயம் அது 1,00,000 பாக்கெட்டுகளைத் தாண்டியதாக ரவுட்டர் தயாரிக்கும் டிபி-லிங்க் நிறுவனத்தின் பொறியாளர்கள் விளக்கினார்கள், அதைத் தாங்க முடியாமல் சில ரவுட்டர்கள் முடங்கின. அந்த மாதமே கூகுள் பிளே சர்வீசஸ் அப்டேட்டில் அது சரியானது. அதனால் ஸ்பீக்கர், ரவுட்டர், போன் மூன்றுக்கும் அப்டேட் போட்டுவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

இந்த மாதிரி பாக்கெட் வெள்ளம் ஒரு வகை, அலைவரிசை நெரிசல் வேறு வகை. ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்குப் பலிக்காது. வைஃபை ஓடும் அலைவரிசைகளில் (பேண்டுகளில்) ஒன்றான 2.4 ஜிகாஹெர்ட்ஸில் சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஆனால் வைஃபை சிக்னலுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். அக்கம்பக்கத்து வைஃபையைக் காட்டும் ஆப்பில் சேனல் 3 காலியாகத் தெரிகிறதே என்று அங்கே போனால் 1-இல் இருப்பவருக்கும் 6-இல் இருப்பவருக்கும் சேர்த்து இடைஞ்சல், உங்களுக்கும் இரண்டு பக்கமும் இரைச்சல். வேகம் கூடும் என்று அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸாக மாற்றுவது அதைவிட மோசம், இந்தச் சின்ன பேண்டில் கிட்டத்தட்ட பாதியை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள். ஸ்பீக்கர் 5 ஜிகாஹெர்ட்ஸை ஏற்றால் அதில் போடுங்கள், ஆனால் ரவுட்டர் ரொம்பத் தூரத்தில் இருந்தால் 2.4-தான் சரி, 5 சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது.

ரவுட்டர் மேலேயே ஸ்பீக்கரை உட்கார வைக்காதீர்கள், கொஞ்சம் தள்ளி வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும், ரவுட்டரில் செருகிய யூஎஸ்பி 3.0 டிஸ்க்கும் இதே 2.4-இல்தான் இரைச்சல் போடும். போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டு அனுப்பினால் பல ஸ்பீக்கர்களில் ஒரே சிப் ப்ளூடூத்தையும் வைஃபையையும் மாறி மாறிக் கவனிக்க வேண்டியிருக்கும், திக்கித் திக்கிப் பாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதே பாட்டை வைஃபை வழியாக ஓடவிட்டுப் பாருங்கள்.

பாதுகாப்புக்காக ஸ்பீக்கரை கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கான தனி வைஃபையில்) போடுகிறவர்கள் உண்டு, நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பெரும்பாலும் பூட்டியிருக்கும், உங்கள் போனால் ஸ்பீக்கரைக் கண்டுபிடிக்கவே முடியாது. நெரிசல் குறையட்டும் என்று ரவுட்டரில் மல்டிகாஸ்ட்டை (ஒரே செய்தியைப் பல கருவிகளுக்கும் அனுப்பும் முறையை) மொத்தமாக அடைத்தாலும் இதே கதிதான், போன் ஸ்பீக்கரைத் தேடுவதே மல்டிகாஸ்ட்டில். செட்டிங்கை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிங் எண்ணைப் பாருங்கள், ஐந்தாறை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும். ஃபேக்டரி ரீசெட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள்.