அமெரிக்க அமைச்சர் ஒருவரின் பதவிக் காலங்களைப் பிசகாமல் எழுதுவது எப்படி?

நூறு ஆண்டுக்கு முந்தைய அமெரிக்க அமைச்சரைப் பற்றித் தமிழில் எழுதும்போது முதலில் கால் வழுக்குவது ‘செக்ரட்டரி’ என்ற சொல்லில்தான். ஜார்ஜ் கார்ட்டெல்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். 1900இல் அவர் அதிபர் மெக்கின்லிக்கு செக்ரட்டரி. கடிதம், சந்திப்பு, பயண ஏற்பாடு பார்க்கும் வேலை. இதை ‘அதிபரின் செயலாளர்’ என்று எழுதுங்கள். 1903இல் வணிகம்-தொழிலாளர் துறைக்கு முதல் செக்ரட்டரி. இவர் அமைச்சர். இரண்டு இடத்திலும் ‘செயலாளர்’ என்றே போட்டால், 1895இல் அதிபர் கிளீவ்லாண்டிடம் சுருக்கெழுத்தராகச் சேர்ந்தவர் அமைச்சரவை வரை ஏறிய கதையே காணாமல் போய்விடும். போஸ்ட்மாஸ்டர் ஜெனரலும் அப்படித்தான்: நம் நாட்டில் அது அதிகாரி பதவி, அன்றைய அமெரிக்காவில் அமைச்சர் பதவி.

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் ஐந்து பத்தி (நெடுவரிசை) கோடு போடுங்கள்: பதவி, தொடக்கம், முடிவு, அதிபர், கட்சிப் பொறுப்பு. கடைசிப் பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. 1904இல் கார்ட்டெல்யூ அமைச்சர் பதவியை விட்டுக் குடியரசுக் கட்சியின் தேசியக் குழுத் தலைவராகி, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் தேர்தல் வேலையை நடத்தினார். கம்பெனிகளை ஆராயும் பிரிவு அதுவரை அவர் துறையில்தான் இருந்தது. அங்கே அறிந்ததைக் காட்டிக் கம்பெனிகளிடம் நன்கொடை கறக்கிறார் என்று எதிர்வேட்பாளர் பார்க்கர் குற்றம் சாட்டினார். ரூஸ்வெல்ட் அடியோடு மறுத்தார். 1905 மார்ச்சில் அஞ்சல் துறை அமைச்சரான பிறகும் கட்சித் தலைமை அவரிடமே இருந்தது. கட்சிப் பத்தி இல்லாமல் இந்த இரண்டும் புரியாது.

தேதிகளில் அவசரம் வேண்டாம். அதிபர் பெயரை முன்மொழிந்த நாள், செனட் ஒப்புக்கொண்ட நாள், உறுதிமொழி எடுத்த நாள் மூன்றும் வேறாக இருக்கலாம். கட்டுரை முழுக்க உறுதிமொழி நாளையே பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் அதிபர் மாறியது மார்ச் 4இல். இன்றைய ஜனவரி 20ஐப் பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். அதிபர் போன நாளிலேயே அமைச்சரும் போனார் என்று முடிவுகட்டுவதும் தவறு. ரூஸ்வெல்ட் 1909 மார்ச் 4இல் இறங்கினார். நிதியமைச்சராக இருந்த கார்ட்டெல்யூவின் பதவிக் காலம் மார்ச் 7இல்தான் முடிகிறது.

1907 அக்டோபர் நிதி நெருக்கடிக்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள். நிக்கர்பாக்கர் டிரஸ்ட் என்ற நிதி நிறுவனம் கதவை மூடிய பின், நியூயார்க் வங்கிகளில் அரசுப் பணம் இரண்டரைக் கோடி டாலரை அவர் போட்டார். ‘டிரஸ்ட் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்’ என்று எழுதினால் பிழை. அரசு வைப்பு, மத்திய அரசின் உரிமம் பெற்ற ‘தேசிய வங்கி’களுக்குத்தான் போனது. தள்ளாடிய டிரஸ்ட்டுகள் அந்த வகை அல்ல.

வணிகம்-தொழிலாளர் துறையின் பெயரையும் சுருக்க வேண்டாம். 1913இல்தான் அது வணிகம், தொழிலாளர் என இரண்டானது. ‘முதல் வணிக அமைச்சர்’ என்று மட்டும் எழுதினால் அது 1913இல் வந்த ரெட்ஃபீல்டைக் குறித்துவிடும்.