குளத்தில் களிமண் தூவுகிறவர்கள் செய்யும் தவறுகள்

குளத்து நீரைச் சோதிக்கும் குப்பியில், கழிவிலிருந்து சேரும் நஞ்சான அம்மோனியாவின் நிறம் ஏறியிருக்கிறது. அதைக் குறைக்க, உடனே தீவனக் கடையிலிருந்து பென்டோனைட் என்ற களிமண்ணோ ஜியோலைட் என்ற கனிமமோ இரண்டு மூட்டை வந்து இறங்குகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து இறால் வளர்ப்பில் இது பழகிய காட்சி.

அம்மோனியத்தை, அதாவது நீரில் அம்மோனியா எடுக்கும் நேர்மின்னூட்ட வடிவத்தை, மண் உறிஞ்சிக்கொள்ளும் என்று நம்புவதில்தான் பிழை தொடங்குகிறது. அங்கே நடப்பது பண்டமாற்று. களிமண் தகடுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் அவற்றில் ஒட்டியிருக்கும். அம்மோனியம் ஏற வேண்டுமானால் அவற்றில் ஒன்று இறங்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 10.8 கிராம் சோடியம் இருக்கிறது. குளத்து அம்மோனியமோ ஒரு மில்லிகிராம் அளவில். பத்தாயிரம் மடங்கு கூட்டத்தில் முண்டியடித்து அது இடம் பிடிக்குமா? நிறைந்துபோன ஜியோலைட்டைப் புதுப்பிக்க உப்புக் கரைசலில்தான் ஊறவைக்கிறார்கள். உப்பு அம்மோனியத்தைக் கழற்றிவிடுகிறது. கழற்றிவிடும் நீரிலேயே மண்ணைக் கொட்டினால் பெரிதாக எதுவும் பிடிபடாது. (ஜியோலைட் உண்மையில் களிமண்ணே அல்ல, துளைகள் நிறைந்த வேறு கனிமம். கடையில் இரண்டுக்கும் ஒரே பேச்சுதான்.)

சரி, கெண்டை வளர்க்கும் நன்னீர்க் குளம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர், 1.2 மீட்டர் ஆழம், சுமார் 48.5 லட்சம் லிட்டர் நீர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அம்மோனிய நைட்ரஜன் (அம்மோனியத்தில் உள்ள நைட்ரஜனின் எடை) என்றால் மொத்தம் 4.85 கிலோ. நல்ல பென்டோனைட்டின் ஒவ்வோர் இடத்திலும் அம்மோனியமே உட்கார்ந்தாலும், ஒரு கிராம் மண் சுமார் 14 மில்லிகிராம் நைட்ரஜனைத்தான் தாங்கும். 25 கிலோ மூட்டைக்கு 350 கிராம். ஏட்டுக் கணக்கிலேயே பதினான்கு மூட்டை வேண்டும். இவ்வளவு நீர்த்த நீரில் அந்தத் திறனில் சிறு பங்குதான் கிடைக்கும். என்னைக் கேட்டால், இந்த மண் தொட்டிக்கும் வடிகட்டிக்கும் உரியது. ஏக்கர் குளத்தில் தீவனத்தைக் குறைப்பதும் நீரை மாற்றுவதும்தான் பலன் தரும்.

காய்ச்சி வடித்த நீரில் அம்மோனியம் குளோரைடைக் கரைத்துச் செய்த சோதனை முடிவை நம்பி ஏமாறுவோரும் உண்டு. அங்கே மண்ணுக்குப் போட்டியே இல்லை. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் வரிசையில் நிற்கும்.

மண்ணோடு சுண்ணாம்பையும் ஒரே நாளில் போடுவது இன்னும் ஆபத்து. மண் பிடிப்பது மின்னூட்டம் உள்ள அம்மோனியத்தை. மீனையும் இறாலையும் கொல்வது மின்னூட்டமற்ற அம்மோனியா. 25 டிகிரி வெப்பத்தில், நன்னீரில், பி.எச். (நீரின் அமில-கார அளவு) 8-இல் மொத்தத்தில் சுமார் 5 சதவீதம் அம்மோனியாவாக இருக்கும். 9-இல் அது 36 சதவீதத்தை ஒட்டிவிடும். சுண்ணாம்பு பி.எச்.சை ஏற்றி, மண் பிடிக்கக்கூடியதையே நஞ்சாக மாற்றிவிடுகிறது.

மூட்டையை நம்புமுன் உங்கள் குளத்து நீரையே ஒரு லிட்டர் பாட்டில்கள் இரண்டில் பிடியுங்கள். ஒன்றில் 5 கிராம் மண்ணைப் போட்டு ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, இரண்டையும் இரவு முழுதும் அசையாமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்த நீரை மட்டும் சோதியுங்கள். தெளியாவிட்டால் வடிதாளில் வடியுங்கள், கலங்கல் இருந்தால் நிறம் பொய் சொல்லும். ஏக்கருக்கு ஒரு மூட்டை தூவுவது லிட்டருக்கு 5 மில்லிகிராம்தான். பாட்டிலில் போட்டது அதைப்போல் ஆயிரம் மடங்கு. அதிலும் வித்தியாசம் தெரியாவிட்டால், இரண்டாவது மூட்டையைப் பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.