பால் ஊற்ற வேண்டாம், தூக்கி எறிய வேண்டாம்: அடிபட்ட வௌவாலைக் காப்பாற்றப் போய் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் கிளுவை உயிர்வேலி இருந்த இடமெல்லாம் இப்போது முள்கம்பி ஆகிவிட்டது. ராத்திரி கொய்யாவுக்கும் சப்போட்டாவுக்கும் வருகிற வௌவால் அதில் மாட்டிக்கொண்டு தொங்குவதை, விடிகாலையில் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். பார்த்ததும் சிலர் தடியை எடுப்பார்கள். அவர்களுக்காக இதை எழுதவில்லை. பாவம் பார்த்துக் கையில் எடுக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் முதன்முதலில் எடுத்த வௌவால் குட்டி, என் இரக்கத்தால்தான் செத்தது.

சித்திரை மாதம். தாய் மின்கம்பியில் கருகிக் கிடந்தது, குட்டி மட்டும் கீழே புல்லில். நாய்க்குட்டி மூஞ்சி, அகலமான கண், உள்ளங்கையில் வைத்தால் சில்லென்று இருந்தது. "பசியில கத்துது கண்ணு, பாலக் காச்சிக் குடு" என்றார் அம்மாயி. இங்க் பில்லரில் பசும்பாலை எடுத்து வாயில் ஊற்றினேன். மூக்கு வழியாக நுரை வந்தது. அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

பால் வயிற்றுக்குப் போகவில்லை, மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிட்டது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். உள்ளே போயிருந்தாலும் சில்லிட்ட உடம்பு அதைச் செரித்திருக்காது. இதை நான் அறியாமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏனென்றால் மழையில் நனைந்து விறைத்த ஆட்டுக்குட்டிக்கு முதலில் சூடு காட்டி, அப்புறம்தான் சீம்பால் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பட்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வௌவால் குட்டிக்கும் அதே கணக்குதான். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் அது நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். உடம்பு சூடேறிய பிறகு, தண்ணீரில் நனைத்த பஞ்சை உதட்டோரம் ஒற்றினால் தானாக நக்கும். நக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உணவு என்ன கொடுப்பது என்பதை மருத்துவரோ வனத்துறையோ சொல்லட்டும்.

கோடை மதியத்தில் வெயில் தாங்காமல் ஆலமரத்திலிருந்து விழுந்து வாய் திறந்து இளைக்கிற பெரிய வௌவாலுக்கு இந்த வெந்நீர் வேலையைச் செய்துவிடாதீர்கள். அதற்கு வேண்டியது நிழலும் காற்றும்.

வெறுங்கையால் தொடுவது அடுத்த தவறு. அது கெட்ட பிராணி அல்ல. ஆனால் வலியில் இருக்கிற எதுவும் கடிக்கும். அதன் எச்சிலில் வெறிநோய் வகைக் கிருமிகள் இருக்க வாய்ப்பு உண்டு. 2018ல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது, அந்தக் கிருமி பழந்தின்னி வௌவால்களிடம் இயல்பாகத் தங்கியிருப்பது என்று எல்லோரும் பேசினோம். எல்லா வௌவாலும் நோயைச் சுமந்து திரிவதில்லை, ஆனால் எது சுமக்கிறது என்று பார்வையில் தெரியாது. தடித்த தோல் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். கையுறை இல்லையென்றால் பழைய ஜமுக்காளத்தை நான்காக மடித்து, அதன் மேலே போட்டு மூடி எடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், நாயைக் கட்டிப் போடுங்கள்.

கடித்துவிட்டாலோ நகம் கீறிவிட்டாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், "வௌவால் கடித்தது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது. சிறிய வௌவாலின் பல் பட்ட இடம் கண்ணுக்கே தெரியாமலும் இருக்கும்.

இனி, சிக்கியதைப் பிடித்து இழுப்பது. வௌவாலின் இறக்கை என்பது அதன் கைதான். விரல் எலும்புகள் குடைக்கம்பி போல நீண்டு, நடுவே தோல் விரிந்திருக்கிறது. கம்பி முள் துளைத்த சிறு ஓட்டை தானாகவே ஆறிவிடும். இழுத்ததால் ஓரம் வரை கிழிந்த தோலும் முறிந்த விரலும் அப்படி ஆறுவதில்லை. முதலில் தலையைத் துணியால் மூடுங்கள், வெளிச்சம் மறைந்ததும் உதறல் குறையும். பிறகு கட்டிங் பிளேயரால் முள்ளின் இரண்டு பக்கமும் கம்பியை வெட்டி, மாட்டிய துண்டோடு அப்படியே கீழே இறக்குங்கள். பழத்தோட்ட நைலான் வலையும் மாஞ்சா நூலும் இன்னும் மோசம். அறுத்துவிட்டதும் நன்றாக இருப்பது போலத் தெரியும், பறக்கக்கூடச் செய்யும். நூல் இறுக்கி ரத்தம் ஓடாத தோல் சில நாள் கழித்துத்தான் அழுகும். அதனால் வலையில் மாட்டியதை விடுவித்த கையோடு பறக்க விட வேண்டாம்.

மின்கம்பியில் தொங்குவதைத் தொரட்டியால் தட்டிவிடப் பார்க்கிறார்கள், பயமாக இருக்கிறது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அவர்கள் வந்து இணைப்பைத் துண்டிக்கும் வரை கிட்டவே போக வேண்டாம். இறக்கிய பின் தாய் செத்திருந்தாலும், கையுறையோடு இறக்கையை விரித்து அக்குளைப் பாருங்கள். வௌவாலுக்குப் பால்காம்பு அங்கேதான் இருக்கிறது. மாசி முதல் சித்திரை வரை பழந்தின்னிகள் குட்டியோடு பறக்கும் காலம். பெரிய பழந்தின்னிக்கு வருடத்துக்கு ஒரே ஒரு குட்டி. காம்பைக் கவ்வியிருந்தால் பிடுங்காமல் தாயோடு சேர்த்தே பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

பெட்டி என்றால் மூடியுள்ள அட்டைப்பெட்டி. கோழிக்கூடையில் போட்டுத் திண்ணையில் வைத்தால் பூனைக்குத்தான் லாபம். காற்றுக்கு ஆணியால் துளை போட்டால் போதும், விரல் நுழைகிற சந்து இருந்தால் சிறிய வௌவால் வெளியேறிவிடும். உள்பக்கம் பழைய வேட்டித் துணியை மேலிருந்து தொங்கவிடுங்கள், பிடித்துத் தொங்க அதற்குப் பிடிமானம் வேண்டும். டர்க்கி டவல் வேண்டாம், நூல் கண்ணியில் நகம் சிக்கும். மூடிவிட்டுப் போய்விடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து செல்போன் வெளிச்சத்தில் படம் எடுப்பதை விடப் பெரிய கொடுமை அதற்கு இல்லை.

ஓட்டு வீட்டுச் சந்திலிருந்து விழுகிற கட்டைவிரல் அளவு வௌவாலைப் பெரிய வௌவாலின் குட்டி என்று நினைத்து வாழைப்பழம் ஊட்டுகிறவர்கள் உண்டு. அது முழுதாக வளர்ந்த வேறு இனம். அந்துப்பூச்சியும் கொசுவும் தின்னும், பழம் தொடாது.

பறக்க வைக்கிறேன் என்று மாடியிலிருந்து வீசுவது இன்னொன்று. பெரிய பழந்தின்னியால் தரையிலிருந்து எளிதில் எழும்ப முடியாது. பெரும்பாலும் மரத்தில் ஏறி, கைவிட்டு விழுந்துதான் இறக்கை விரிக்கும். அதனால் தரையில் கிடப்பதெல்லாம் அடிபட்டதும் அல்ல. ரத்தமோ தொங்கும் இறக்கையோ இல்லையென்றால், பொழுது சாயும் வரை பெட்டியில் வைத்து, இருட்டும் நேரத்தில் சொரசொரப்பான மரத்தண்டில் தலை உயரத்தில் பற்றிக்கொள்ள வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். ஏறினால் நல்லது. ஏறவில்லை என்றால் மறுபடியும் பெட்டிதான். எறும்பு மொய்க்கும் மரமா என்று முதலில் பாருங்கள்.

வீட்டிலேயே வைத்து வளர்க்க ஆசைப்பட வேண்டாம். சட்டமும் முன்பு போல இல்லை. 1972ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னிகளை எலி, காக்கையோடு சேர்த்து, கொல்லத் தடையில்லாத தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. கோவை மாவட்டம் கிட்டாம்பாளையத்துக்காரர்கள் அதற்கெல்லாம் முன்பிருந்தே தங்கள் ஊர் வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சட்டத்துக்கு முந்திய அந்த மனசு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பெட்டியை மூடியதும் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வர நேரமாகும் என்றால், முதலுதவிக்கு அருகிலுள்ள கால்நடை மருத்துவமனை. பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டி, எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த மரத்தடி, எத்தனை மணிக்குக் கிடைத்தது, தண்ணீர் கொடுத்தீர்களா, யாரையாவது கடித்ததா என்று எழுதிவிடுங்கள். குணமானதும் அதே மரத்துக் கூட்டத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்க அந்தத் தாள்தான் வழி.