பழைய கார் வாங்கும்முன் அதன் கட்டாயப் பாதுகாப்புக் கருவிகளைச் சரிபார்ப்பது எப்படி?

ஏர்பேக் இருக்கிறதா, ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கிறதா என்று விற்பவரைக் கேட்டு, அவர் தலையசைத்ததும் நிறைவடைந்துவிடுபவர்கள் பலர். பாதுகாப்புக் கருவிகளைக் கட்டாயமாக்கும் அரசு விதிகளில் பெரும்பாலானவை வண்டி புதிதாக விற்பனைக்கு வரும் காலத்தையே கணக்கில் கொள்கின்றன; பத்து ஆண்டுகள் கழித்து அக்கருவி வேலை செய்கிறதா என்பதை வாங்குபவர்தான் பார்த்தாக வேண்டும்.

முதலில் வண்டி தயாரான மாதத்தையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவான ஆண்டு மட்டும் போதாது. புதிய விதி வரும்போது, புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு ஒரு தேதியும், ஏற்கெனவே விற்பனையில் உள்ளவற்றுக்குப் பிந்தைய தேதியும் தருவது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தானியங்கி அவசர பிரேக் புதிய கார் மாடல்களுக்கு 2022 ஜூலையிலும், விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் 2024 ஜூலையிலும் கட்டாயமானது. ஆகவே 2023இல் அங்கே பதிவான இரு கார்களில் ஒன்றில் அது இருந்து மற்றதில் இல்லாமல் போனாலும், இரண்டுமே சட்டப்படி சரியானவையே.

அடுத்து, என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, எச்சரிக்கை விளக்குகளைக் கவனியுங்கள். ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு, எரியவே இல்லையென்றால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும், ஏனெனில் விபத்தில் விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கை மட்டும் செயலிழக்கச் செய்து விற்பவர்கள் உண்டு. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் காராவது உண்மையைச் சொல்கிறது. விளக்கின் கம்பியை வேறொரு விளக்கோடு பிணைத்தும் ஏமாற்ற முடியும் என்பதால், பணிமனையில், வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்திப் பார்ப்பதே உறுதியான வழி.

சீட் பெல்ட்டுகளுக்குப் பொறுமை தேவை. பின்னிருக்கையின் நடுப் பெல்ட் உட்பட ஒவ்வொன்றையும் முழு நீளத்துக்கு இழுத்து, விளிம்பு பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெடுக்கென இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், விட்டால் தானாகச் சுருண்டுகொள்ள வேண்டும். பெல்ட்டில் தைத்துள்ள லேபிளில் தயாரிப்புத் தேதி இருந்தால் ஒப்பிடுங்கள்: ஒன்று மட்டும் வண்டியைவிடப் புதியதாக இருந்தால், அது ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். (பெல்ட்டைப் பொருத்துவதும் அணிவதும் தனித்தனி விதிகள். மூன்று முனைப் பெல்ட் 1959இலேயே வால்வோ கார்களில் வந்துவிட்டது. அணிவதைக் கட்டாயமாக்கும் சட்டம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1970இல்தான் வந்தது.)

டயரில் பள்ளத்தின் ஆழம் பல நாடுகளில் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 3519 என்றால் 2019இன் 35ஆம் வாரம்.

குழந்தை இருக்கையை முன்னிருக்கையில் பின்னோக்கிப் பொருத்துவதாக இருந்தால், அதற்கு எதிரிலுள்ள ஏர்பேக்கை அணைக்கும் வசதி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் குழந்தை இருக்கையை அங்கே வைக்கவே கூடாது.

கடைசியாக, 17 எழுத்தெண்கள் கொண்ட சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ளிட்டு, குறையைச் சரிசெய்வதற்காக வண்டியைத் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று தேடுங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்ததால், உலகெங்கும் பல கோடிக்கணக்கில் திரும்பப்பெறப்பட்டன. அவை விதிப்படி பொருத்தப்பட்டவைதாம்; எச்சரிக்கை விளக்கும் அக்குறையைக் காட்டாது.