டிரைவ் லிங்க் அனுப்பும் முன் ஒரு நிமிடம்

கூகுள் டிரைவில் ஒரு ஃபைலைப் பகிரும்போது அவசரத்தில் பலரும் 'எனிஒன் வித் த லிங்க்' என்று வைத்துவிடுகிறார்கள். அந்த லிங்க் வாட்ஸ்அப்பில் நாலு குழு தாண்டிப் போனாலும், கையில் வைத்திருப்பவர் எவரும் திறக்கலாம். ஆதார் நகல், சம்பளப் பட்டியல் மாதிரியானவற்றை 'ரெஸ்ட்ரிக்டட்' என்றே வைத்து, வேண்டியவரின் மின்னஞ்சலை மட்டும் சேருங்கள். படிக்க மட்டும் என்றால் 'வியூவர்' போதும்.

ஃபோல்டரில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஃபோல்டரைப் பகிர்ந்தால் உள்ளே இருப்பவை மட்டுமல்ல, நாளைக்கு அதில் போடுபவையும் சேர்ந்தே பகிரப்படும். கல்யாணப் படங்களுக்காகச் சொந்தக்காரர்களுக்குத் திறந்துவிட்ட ஃபோல்டரில், ஆறு மாதம் கழித்து வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேனைப் போட்டுவிட்டேன். சித்தப்பா போன் செய்து சொன்னபிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று, திருத்தும் உரிமை பெற்ற 'எடிட்டர்' உங்களைக் கேட்காமலே வேறு ஆட்களைச் சேர்க்க முடியும். கணினியில் ஷேர் பெட்டியின் மேலே உள்ள பல்சக்கரக் குறியை அழுத்தி, எடிட்டர்கள் பகிரலாம் என்பதற்கான டிக்கை எடுத்துவிடுங்கள். வியூவர்கள் டவுன்லோடு, பிரிண்ட், காப்பி செய்வதையும் அங்கேயே நிறுத்தலாம். ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்க முடியாது. அப்புறம், வேலை முடிந்ததும் அவரவர் பெயருக்கு எதிரே 'ரிமூவ் ஆக்சஸ்' கொடுத்துவிடுங்கள்.