இணைய வளத்தை நூலகப் பட்டியலில் சேர்க்க: 856 புலமும் அதைச் சுற்றிய வேலைகளும்

முதலில் தேர்வு. நூலகத்துக்கு ஒரு நூலை வாங்குவதற்கு முன் பார்ப்பதையெல்லாம் இணைய வளத்துக்கும் பாருங்கள்: வெளியிட்டவர் யார், உங்கள் வாசகருக்கு அது தேவையா, இன்னும் சில ஆண்டுகள் அங்கேயே இருக்குமா. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சேர்த்தால் பட்டியலில் குப்பைதான் சேரும்.

அடுத்து, பட்டியலில் தனிப் பதிவா, அச்சு நூலின் பதிவிலேயே இணைப்பா என்று முடிவு செய்ய வேண்டும். உங்களிடம் உள்ள அதே பதிப்பின் வருடல் (ஸ்கேன்), இலங்கைத் தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் "நூலகம்" நிறுவனத்தின் தளத்திலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ இருந்தால், சிறிய நூலகத்துக்கு அச்சுப் பதிவில் ஓர் 856 புலம் (பதிவில் இணைய முகவரிக்கான இடம்) போதும். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் வெளியிடும் மதுரைத் திட்டத்தின் மின்னுரை அப்படியல்ல. அது தட்டச்சு செய்து உருவாக்கிய பாடம்; எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று முகப்புக் குறிப்பில் பார்த்த பிறகே இணையுங்கள்.

நூல் விவரங்களைக் கணினியில் பதியும் வடிவமான மார்க் 21-இல், 856 புலத்தின் முதல் இண்டிகேட்டர் (புல எண்ணை அடுத்து வரும் ஓரெழுத்துக் குறி), இணைய முகவரி எச்டிடிபி வகையாக இருந்தால் 4. பிழை அதிகம் நேர்வது இரண்டாவதில். பதிவு விவரிக்கும் வளமே இணைப்பில் இருந்தால் 0. அச்சுப் பதிவிலிருந்து அதே நூலின் மின்வடிவத்துக்குப் போனால் 1. பொருளடக்கம், வேறு பதிப்பு போன்ற தொடர்புள்ள வேறொன்று என்றால் 2. பொருளடக்கத்துக்கு மட்டும் போகும் இணைப்புக்கு 0 கொடுத்தால், முழுநூலும் கிடைக்கும் என்று நம்பிச் சொடுக்கும் வாசகர் ஏமாந்துபோவார்.

856-இன் துணைப்புலங்களில் (புலத்தின் உட்பிரிவுகள்) யு முகவரிக்கு, ஒய் வாசகர் பார்க்கும் இணைப்புச் சொற்களுக்கு, இசட் பொதுக் குறிப்புக்கு. எந்தப் பகுதி மட்டும் இணையத்தில் உள்ளது என்பதை 3 என்ற துணைப்புலத்தில் எழுதுங்கள். "தொகுதி 2 மட்டும்" என்ற ஒரு வரி வாசகரின் நேரத்தைக் காக்கும். இரண்டு தளங்களில் கிடைத்தால் 856 புலத்தையே இரண்டு முறை போடுங்கள்.

முகவரியை உலாவியின் பட்டையிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். தேடல் முடிவிலிருந்து வந்த முகவரியில் அமர்வு எண் (அந்த வருகைக்கு மட்டும் தளம் தரும் தற்காலிக எண்) ஒட்டியிருக்கலாம். அது மறுநாளே செத்துவிடும். டிஓஐ (மின்வளத்துக்குத் தரப்படும் நிலையான அடையாள எண்) அல்லது நிலையான இணைப்பு இருந்தால் அதையே எடுங்கள். பிடிஎஃப் கோப்பை விட, அந்த நூலுக்கான விவரப் பக்கத்துக்கு இணைப்பது நல்லது. தளத்தைச் சீரமைக்கும்போது கோப்புகள்தான் முதலில் இடம் மாறும். தமிழ் எழுத்துள்ள முகவரியை நகலெடுத்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்துகளாக விரியும். நீளமாக இருக்கிறதே என்று நடுவில் வெட்டினால் இணைப்பு வேலை செய்யாது.

தனிப் பதிவு என்றால், பதிவின் தொடக்கத்தில் வரும் லீடரின் 06-ஆம் இடத்தில், எழுத்து வடிவ வளத்தைக் குறிக்கும் ஏ போடுங்கள். கணினியில் இருப்பதாலேயே எம் போடுவது பரவலான தவறு; அது மென்பொருள், தரவுக் கோப்பு போன்றவற்றுக்கு. நூலுக்கு 008 புலத்தின் 23-ஆம் இடத்தில், இணையவழி வளம் என்பதைக் குறிக்கும் ஓ வரும். 007 புலம் சி, ஆர் என்று தொடங்கும். 300-இல் "1 இணைய வளம்" என்று எழுதி, பக்க எண்ணிக்கையை அடைப்புக்குறிக்குள் கொடுங்கள். வளம் எந்தத் தாங்கியில் உள்ளது என்று சொல்லும் 338-இன் குறியீடு சிஆர். எந்த நாளில், எதைப் பார்த்து விவரித்தீர்கள் என்பதை 588-இல் பதியுங்கள். இணையப் பக்கம் மாறிக்கொண்டே இருப்பதால் இது அவசியம். அச்சு நூலின் ஐஎஸ்பிஎன்னை 020 புலத்தின் ஏ துணைப்புலத்தில் போடாமல், வேறு வடிவத்தைச் சுட்டும் 776-இல் வையுங்கள். இல்லாவிட்டால், பின்னால் பதிவுகளை மொத்தமாக இறக்கும்போது அச்சும் மின்வடிவமும் ஒரே நூலாகப் பொருந்திவிடும். சந்தா உள்ளவர்களுக்கு மட்டும் திறக்கும் வளம் என்றால் அதை 506-இல் சொல்லிவிடுங்கள்.

சேர்த்தபின் நூலக வலையமைப்புக்கு வெளியே, கைப்பேசித் தரவில் திறந்து பாருங்கள். நூலகத்துக்குள் ஐபி முகவரியால் திறப்பது வீட்டில் திறக்காது.

கோஹா என்ற நூலக மென்பொருளில் இணைப்புகளைச் சோதிக்கும் நிரல் உண்டு. மாதம் ஒருமுறை தானாக ஓடும்படி வையுங்கள். அதை மட்டும் நம்பக் கூடாது. "பக்கம் இல்லை" என்று காட்டும் பக்கமும் 200 என்ற வெற்றிக் குறியீட்டை அனுப்பக்கூடும். கைமாறிப்போன தளத்தில் விளம்பரம் இருந்தாலும் நிரலுக்குத் தெரியாது. அதனால் சில இணைப்புகளைக் கண்ணால் பாருங்கள். செத்த இணைப்புக்கு முதலில் அதே தளத்தில் புதிய முகவரியைத் தேடுங்கள். பிறகு, பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில். இரண்டிலும் இல்லையென்றால் அச்சுப் பதிவில் 856-ஐ மட்டும் நீக்குங்கள்; மின்வடிவத்துக்கான தனிப் பதிவை வாசகர் பார்வையிலிருந்து மறைத்துவிடுங்கள்.